அப்பாண்டையார் நடத்திய பந்திப் பாடம்

கருவேலங்கோட்டையை ஆண்ட சொக்கலிங்க பூபதிக்கு ரெண்டு விஷயம் உயிர். ஒன்று சாப்பாடு, இன்னொன்று உத்தரவு. சாப்பிட்டு முடித்ததும் உத்தரவு போடுவார். போட்டு முடித்ததும் பசிக்கும்.

அவர் சபையில் அப்பாண்டையார் என்று ஒரு சமணர் இருந்தார். வாய்தான் அவருக்குச் சொத்து. அந்த வாயால் வருஷக்கணக்காக ராஜாவை நச்சரித்து, எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க அரண்மனைக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் வாங்கிவிட்டார். பெற்ற பிள்ளையைவிட அதன்மேல் அவருக்குப் பாசம்.

அங்கே மதபாடம் நடத்தியவர் ஈசானப் பண்டிதர். கையில் பிரம்பு, பக்கத்தில் ஏட்டுக்கட்டு. எல்லா மதத்துச் சங்கதியும் அவருக்கு அத்துப்படி, அதில் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து கடகடவென்று ஒப்பித்தார்கள். ஒப்பித்த கையோடு வெளியே போய், "எங்க சாமிதான் பெரிசு!" என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "ஓய் அப்பாண்டையாரே! மதபாடமும் நடக்கணும், மண்டையும் உடையக் கூடாது. பாதிப் பிள்ளைங்க பண்டிதருக்கு, பாதி உமக்கு. பரீட்சையில உம்ம பிள்ளைங்க தோத்தா, அவங்கவங்க வீட்டுலயே படிச்சுக்கட்டும். பள்ளிக்கூடத்தைக் குதிரை லாயமாக்கிடுவேன்!"

"ஆகட்டும் மகாராஜா" என்றார் அப்பாண்டையார். 

மறுநாளே ஏட்டைக் கட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு அவர்களில் ஒருவன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். அடுத்த முறை வேறொரு வீடு. சட்டம் ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் எப்போது சாப்பிடுவார்கள், எதைத் தொட மாட்டார்கள், ஏன் என்று பிள்ளைகளே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவனுக்குப் பட்சணம் கிடையாது. ராணியம்மாவைக்கூட விடவில்லை, அந்தப்புரத்துக்கே போய்க் கொழுக்கட்டை தின்றுவிட்டு வந்தார்கள். ஒரு மண்டைகூட உடையவில்லை. அன்று கைநனைத்த வீட்டுப் பிள்ளையோடு மறுநாள் எப்படிச் சண்டை போடுவது?

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. "மகாராஜா, அவர் நடத்தறது பாடமில்லை, பந்தி! ஒரே ஒரு வரி ஒப்பிக்கச் சொல்லுங்க, குட்டு வெளிப்பட்டுடும்" என்று ராஜா காதில் ஓதினார்.

பரீட்சை நாள் வந்தது. வெயில் தாழ்கிற நேரம். குதிரை விற்க வந்த காசிம் ராவுத்தர் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார்.

முதலில் பண்டிதரின் மாணவன் வைத்தி எழுந்தான். பிரதோஷ விரத விதி, மூச்சு விடாமல். ரமலான் நோன்பு விதி, அட்சரம் பிசகாமல். சமணர் பொழுது சாய்ந்தபின் உண்ணலாகாது என்பதும், அதற்கான காரணமும் அப்படியே. சபை முழுக்க "பேஷ், பேஷ்!"

அடுத்து அப்பாண்டையாரின் மாணவி மைமூன். வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகள்.

"பிரதோஷ விதியில ஏழாவது வரி என்ன?" என்றார் பண்டிதர்.

"தெரியாதுங்க."

"எட்டாவது?"

"ஏழாவதே தெரியாதுங்களே!"

சபை சிரித்தது. ராஜா கையைத் தட்டினார். "போதும்! நாளைக்கே லாயம்."

அப்பாண்டையாருக்கு அது எத்தனை வருஷக் கனவு! கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "உத்தரவு மகாராஜா. விருந்தாளி வந்திருக்கார். மூடறதுக்கு முன்னால பிள்ளைங்க கையால ஒரு பந்தி பரிமாறட்டுமே."

சாப்பாட்டையா வேண்டாம் என்பார் நம் ராஜா?

"என் பிள்ளைங்கதான் பரிமாறுவாங்க!" என்று பண்டிதர் முந்திக்கொண்டார்.

வைத்தி ஒரு குவளைப் பானகத்தை ராவுத்தரிடம் நீட்டினான். ராவுத்தர் நெளிந்தார். "நோன்புங்க, தம்பி."

"கூச்சப்படாதீங்க, குடிங்க!" என்றார் பண்டிதர். அவர் எங்கே காதில் வாங்கினார்? கண்ணெல்லாம் ராஜாவுக்குப் போகிற தட்டிலேயே இருந்தது. தட்டு நிறைய மிளகு வடை. வைத்தி பணிவாக நீட்டினான். ராஜா ஒன்றை எடுத்தார். வாயைத் திறந்தார்.

"மகாராஜா! கீழே வையுங்க!"

சபை ஆடிப்போய்விட்டது. கத்தியது மைமூன். "இன்னிக்குப் பிரதோஷங்க. நந்திக்குப் பூஜை ஆகற வரைக்கும் மகாராஜா பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டார்னு ராணியம்மா சொன்னாங்களே!"

ராஜா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ராணியா? ஆமாம், ஆமாம், குடிக்கவே மாட்டேன்" என்று முணுமுணுத்தார். வடை சத்தமில்லாமல் தட்டுக்குத் திரும்பியது.

பிறகு பாய்ந்தார். "பண்டிதரே! இப்பதானே உம்ம பையன் விரத விதியெல்லாம் ஒப்பிச்சான்? அப்புறம் எப்படி எனக்கே வடையை நீட்டினான்?"

 அப்பாண்டையார் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "குழந்தைமேல தப்பில்லை மகாராஜா. கேள்வி கேட்டா கட்டாயம் சொல்லியிருப்பான். பாவம், வடை கேள்வி கேட்கலையே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராவுத்தரும் சிரித்தார். பிறகு ராஜா உத்தரவு போட்டார். "லாயத்தை ஊருக்கு வெளியே கட்டுங்க. பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கட்டும். பண்டிதரே, இனி நீரும் பிள்ளைங்களோட வீடு வீடாப் போகணும். அப்பாண்டையாரே, என்ன பரிசு வேணும்? கேளும்!"

அவர் வாயைத் திறப்பதற்குள் வைத்தி வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினான். "ஐயா, மகாராஜாவுக்குப் பிரதோஷம், ராவுத்தருக்கு நோன்பு. உங்களுக்குப் பொழுது சாயப்போகுது. சீக்கிரம் சாப்பிடுங்க!"

ராஜா எச்சில் விழுங்கியபடி பார்த்துக்கொண்டிருக்க, அப்பாண்டையார் வாய் நிறைய வடையோடு கும்பிட்டார்.

"பரிசு வந்து சேர்ந்துடுச்சு மகாராஜா. நல்ல முறுகல்!"