வண்டியை இறக்கிய பிறகு

பெருந்துறை மெக்கானிக் நாச்சிமுத்துவிடம் தொழில் கற்க வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் தாமோதரன்தான். குருவுக்கு நாற்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், தன் பழைய காரை இனி தானேதான் பழுது பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாச்சிமுத்து முதலில் கூச்சப்பட்டார். பிறகு சொல்லிக்கொடுத்தார்.

அன்று காலை தாமோதரன் காரைப் பட்டறைக்குள் விட்டு இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாச்சிமுத்து, முன் சக்கரத்தைத் தாங்கற ஆர்ம்ல ரப்பர் புஷ் நாலையும் நானே மாத்துனேன்ல? ரெண்டு மாசங்கூட ஆகலை. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுனா மறுபடியும் கடக்குங்குது."

"ரப்பர் எப்படி இருக்குதுங்க?"

"கிழிஞ்சு பிளந்து கிடக்குது. நேத்து வண்டிக்கடியில போனை நீட்டிப் படம் எடுத்துட்டு, அதை வாங்குன ரங்கராசு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். டூப்ளிகேட் சாமானை என் தலையில கட்டிட்டியேன்னு ஒரு பிடி பிடிச்சேன். கடையில இருந்தவங்க அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தர் வாங்க வந்ததை அப்படியே வெச்சுட்டு எறங்கிப் போயிட்டார்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

"ரங்கராசு என்ன சொன்னாருங்க?"

"என்ன சொல்லுவான்? காலேஜ்ல எங்கிட்டப் படிச்சவன். தலையைக் குனிஞ்சுட்டு, மாத்திக்கங்க சார்னு புதுசு நாலு எடுத்துக் குடுத்தான்."

நாச்சிமுத்து அந்த நாலு புஷ்ஷையும் வாங்கிப் பார்த்தார். அதே கம்பெனி, அதே சாமான்.

"போல்ட்டை, வண்டிய எறக்குன பொறகுதானுங்களே முறுக்குனீங்க?"

"ஆமாமா" என்றார் தாமோதரன். சொன்ன வேகம் அவருக்கே பிடிக்கவில்லை.

ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் முறுக்கி முடித்திருந்தார். இறக்கிய காருக்கு அடியில் நுழைய அவருடைய தொப்பை இடம் கொடுக்கவில்லை. எப்போது முறுக்கினால் என்ன, இறுக்கம் இறுக்கம்தானே என்று தனக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பையும் எழுதிக்கொண்டார்.

நாச்சிமுத்து ஜாக்கியை இழுத்து வந்தார். காரின் முன்பக்கத்தைத் தூக்கினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, தாமோதரன் கையில் டார்ச்சைக் கொடுத்தார்.

"வெளிய நின்னே அந்த ரப்பரைப் பாத்துட்டு இருங்க சார்."

ரப்பர் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கிழிசல் எங்கே என்றே தெரியவில்லை. நாச்சிமுத்து ஜாக்கியை மெல்ல இறக்கினார். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்க இறங்க ரப்பர் முறுக்கிக்கொண்டது. கிழிசல் வாயைப் பிளந்தது. மறுபடி தூக்கினார், மூடிக்கொண்டது. மறுபடி இறக்கினார், பிளந்தது.

மூன்றாம் தடவை தூக்கப் போனபோது தாமோதரன், "போதும்" என்றார்.

முறுக்குவிசையை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தொங்கும் நிலையிலேயே இறுகிப்போன ரப்பர், வண்டியை இறக்கியதும் பாரத்தில் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்திருக்கிறது. காது மடல் இரண்டும் சுட்டன.

"பொய் சொல்லிட்டேன். தொங்கும்போதே முறுக்கிட்டேன்."

"தெரியுமுங்க."

"ரங்கராசுக்கும் தெரிஞ்சிருக்குமா?"

"இருவது வருசமா இதைத்தானுங்களே விக்கிறாரு. படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்."

தாமோதரன் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பதில் இல்லாமல்தான் அவன் தலை குனிந்தான் என்று நேற்று நினைத்திருந்தார். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் பழைய வாத்தியாரைத் தலைகுனிய வைக்க மனம் வராமல் நின்றிருக்கிறான். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"எந்திரிங்க சார், வேலையைப் பார்ப்போம்" என்றார் நாச்சிமுத்து.

புது புஷ்களை அழுத்தி ஏற்றி ஆர்மை மாட்டினார்கள். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு வண்டியை இறக்கினார்கள். நாச்சிமுத்து சாக்கு ஒன்றை விரித்தார். தாமோதரன் வயிற்றை எக்கிக்கொண்டு அடியில் நுழைந்தார். ஸ்பேனரைக் கால் சுற்று திருப்பத்தான் இடம் இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டி, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். முழங்கை சிராய்த்தது, சட்டை வீணானது. உதவிக்கு நாச்சிமுத்து கை நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. எப்போதும் வேலை முடிந்ததும் ஒரு டீ குடித்துவிட்டுக் கதை பேசுகிற தாமோதரன் அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ரங்கராசுகிட்ட மன்னிப்புக் கேக்கணும், நாச்சிமுத்து."

"கேளுங்க சார்."

"நாளைக்குக் கடை திறக்கறப்பவே போயிடறேன். அந்நேரத்துக்கு வேற யாரும் இருக்கமாட்டாங்க. நிதானமாப் பேசலாம்."

நாச்சிமுத்து கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"காலையில வேண்டாமுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்க. அப்பத்தான் கடையில கூட்டம் இருக்கும்."