முதல் இலை

"கையெழுத்துப் போடவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார் மாசிலாமணி. அந்தத் தீவு நாட்டின் ஜனாதிபதி அவர். எல்லா அலுவலகங்களிலும் அவர் படம் தொங்கியது. படத்துக்கு இருந்த வேலைதான் அவருக்கும் இருந்தது, அன்று காலை வரை.

மடத்துத் தலைவி வேலம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

"என்ன கையெழுத்து?"

"பிரதமர் பக்கம் இருந்தவங்க பாதிப் பேர் மாறிட்டாங்க. நாளைக்குச் சபையில வாக்கெடுப்பு. நடந்தா தோத்துருவார். அதனால இன்னைக்கே சபையைக் கலைக்கச் சொல்றார். கலைச்சா, கேட்க ஆளில்லாம அவரே ஆளுவார்."

"போடலன்னா?"

"தளபதி வந்துட்டுப் போனார். நீங்களே ஆட்சியை எடுத்துக்குங்க, பட்டாளம் உங்க பின்னால நிக்கும்ங்கிறார்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெருவுல ஜனம் கொதிச்சுக் கிடக்கு. எந்தப் பக்கம் போனாலும் ரத்தம். பயமா இருக்கும்மா."

"பந்தி போட்டாச்சு. சாப்பிடுங்க, ஐயா."

அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிரதமரின் செயலாளர் கோப்போடு வாசலில் காரில் காத்திருக்கிறார், இங்கே சாப்பாடாம்! ஆனால் குரு சொல்லைத் தட்ட முடியுமா?

முதல் இலை அவருக்கு. அந்த மடத்தில் அது பெரிய மரியாதை. வரிசையில் யாத்திரை வந்தவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், கடைசியில் குழந்தையோடு ஒரு பெண்.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. அவர் இலையில் கை வைக்கவில்லை. வெளியே கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

சட்டென்று இலையை மூடினார்.

வரிசை முழுவதும் எழுந்தது.

ஒருவர் வாயில் வைத்த கவளத்தோடு எழுந்தார். அந்தப் பெண் குழந்தைக்குப் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். குழந்தை இலையைப் பார்த்து அழுதது.

முதல் இலை மூடினால், அல்லது அந்த இலைக்காரர் எழுந்தால், பந்தி முடிந்தது. சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த வழக்கம்தான். பதற்றத்தில் மறந்து தொலைத்துவிட்டார்.

"ஐயையோ, உட்காருங்க! உட்காருங்க!"

யாரும் உட்காரவில்லை.

"நான் சாப்பிடவே இல்லையேம்மா..." என்றார், அவமானத்தில் குறுகிப்போய்.

"நீங்க சாப்பிடல, ஐயா. அவங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க."

வேலம்மை புது இலை போடச் சொன்னார். எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். முதல் இலை மறுபடியும் மாசிலாமணிக்குத்தான்.

பொறுமை இழந்த செயலாளர் கோப்போடு உள்ளேயே வந்துவிட்டார்.

"சார், பிரதமர் லைன்ல இருக்கார். ஒரே ஒரு கையெழுத்து."

மாசிலாமணி கோப்பைத் திறக்கவில்லை. பேனாவை வாங்கவில்லை.

"நாளைக்குச் சபை கூடும்னு சொல்லுங்க. யார் ஆளுறதுன்னு அங்க எண்ணட்டும்."

"அதை நீங்களே எழுந்து வந்து சொல்லிடுங்களேன், சார். இலையில நீங்க கையே வைக்கலையே?"

மாசிலாமணி வரிசையின் கடைசியைப் பார்த்தார்.

"அந்தக் குழந்தை இன்னும் சாப்பிடுதுங்களே."