ஒன்பது காதிலும் விழாத ஆய்வேடு

முன்னொரு காலத்தில் என்று தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் இந்தக் கதை இனிமேல்தான் நடக்கப்போகிறது என்பதால் பின்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரங்களுக்கு அப்பால் ஒரு கிரகத்தை ழகழகர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். பச்சை மேனி, ஒன்பது காது, நல்ல மனசு. அவருடைய அரண்மனைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க, அம்பாசமுத்திரத்திலிருந்து இசக்கிதேவி என்ற பெண் போயிருந்தாள்.

போய் எட்டு வருடம் ஆகிவிட்டது. பட்டம் வாங்காமல் கிரகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது அங்கே சட்டம்.

"ஏட்டி, ஒந் தங்கச்சி கல்யாணம் ஆவணியில. அதுக்காவது வருவியா, மாட்டியா?" என்று அம்மா போனில் அழுதாள். இந்தப் பக்கம் இசக்கியும் அழுதாள்.

தலைமைப் பேராசிரியர் ஙொங்ஙனார் அவளை விடுவதாயில்லை. சாப்பிடும்போது சிரிக்கத் தோன்றினால் மன்னர் இசக்கியைத்தான் கூப்பிடுவார், பேராசிரியர்களை அல்ல. அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். அவள் போய்விட்டால் ஆசிரியர் அறையில் தேநீர் ஊற்ற ஆள் கிடையாதே என்ற கவலை இன்னொரு பக்கம்.

ஒருநாள் மன்னருக்கு அலுப்புத் தட்டியது.

"வருகிற ஆய்வேடெல்லாம் கேட்டதையே கேட்பதாக இருக்கிறது. இசக்கி, என் ஒன்பது காதில் ஒன்றில்கூட இதுவரை விழாத செய்தியாக உன் ஆய்வேடு இருக்க வேண்டும். பத்து நாள் தவணை!" என்றார்.

ஙொங்ஙனார் உடனே எழுந்தார். "மன்னா, மாணவர்கள் கண்டபடி கற்பனை செய்வார்கள். ஆகவே ஒவ்வொரு வரியும் இந்தச் சபைப் பேராசிரியர் ஒருவர் ஏற்கெனவே சொன்னதாக இருக்கட்டும். எங்கே, எப்போது சொன்னார் என்று அடிக்குறிப்பும் வேண்டும். தவறினால் முதல் வருடத்திலிருந்து மறுபடி தொடங்கட்டும்."

பேராசிரியர்களோ தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மன்னர் காதில் நூறு தடவை ஓதி முடித்தவர்கள். அதை யோசிக்காமல் மன்னரும் தலையாட்டிவிட்டார்.

இசக்கி நூலகப் பக்கமே போகவில்லை. வழக்கம்போல ஆசிரியர் அறையில் தேநீர் ஊற்றினாள். பட்டம் வாங்காதவர்களை அந்த ஊரில் ஓர் ஆளாகவே மதிக்கமாட்டார்கள். அறையில் முக்காலி இருக்கிறது என்று யாராவது பேச்சை நிறுத்துவார்களா? அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள். அவள் பாட்டுக்கு எழுதினாள்.

பத்தாம் நாள் சபை கூடியது. தடித்த ஆய்வேட்டை இசக்கி விரித்தாள்.

"தலைப்பு: மன்னர் எழுந்து போன பிறகு மன்னரைப் பற்றிப் பேராசிரியர்கள் பேசியவை."

பச்சை முகங்களெல்லாம் வெளுத்துப்போயின.

"முதல் வரி: 'மன்னர் பாட ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.' அடிக்குறிப்பு: ஙொங்ஙனார், ஆசிரியர் அறை, இம்மாதம் மூன்றாம் தேதி, இரண்டாவது தேநீரின்போது."

மன்னரின் ஒன்பது காதும் விறைத்து நின்றன. "இது நான் கேள்விப்படாத செய்திதான். ஙொங்ஙனாரே, நீர் சொன்னதா?"

இல்லை என்று சொல்ல வழியில்லை. அறை முழுக்கச் சாட்சி. அடுத்த வரி என்னவாக இருக்கும் என்பதும் ஙொங்ஙனாருக்குத் தெரியும்.

"மன்னா, ஆய்வேடு பிரமாதம்! இதற்குமேல் ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம். பட்டத்தை இப்போதே கொடுத்துவிடுவோம்!"

"படிக்காமல் எப்படி ஐயா பட்டம் கொடுப்பது?"

"இதுவரை எந்த ஆய்வேட்டை மன்னா நாங்கள் படித்துவிட்டுப் பட்டம் கொடுத்தோம்?" என்று பதற்றத்தில் உளறிவிட்டார் ஙொங்ஙனார்.

இசக்கி பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நிமிடம் மன்னா, இதையும் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்கிறேன். இதுவும் தங்கள் காதில் விழாததுதானே?"

மன்னர் சிரித்தார். காதுகள் படபடக்க, கிரீடம் கழன்று உருண்டோடச் சிரித்தார். பட்டமும் கொடுத்து, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவையும் கொடுத்து, தன் சொந்த விண்கலத்திலேயே இசக்கியை அனுப்பிவைத்தார். அலமாரியில் தூங்கும் ஆய்வேடு அத்தனையையும் படித்து முடிக்கும்வரை பேராசிரியர்கள் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் உத்தரவிட்டார்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் அம்பாசமுத்திரத்தில் விண்கலம் இறங்கியது. "வந்துட்டியாட்டி!" என்று அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மகள் ஏறிவந்தது என்ன வண்டி என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.