பதினேழாம் நம்பர் ஆஸ்பத்திரி

அறுவைசிகிச்சைத் துறைத் தலைவர் ஆளவந்தார் கர்ஜித்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை பேருக்குத் தையல்ல சீழ் பிடிக்குதுன்னு ஆராயணுமா? ஒரே மாசத்துல ஆயிரம் கேஸ் கொண்டா. இல்லேன்னா பரீட்சை எழுத விடமாட்டேன்."

பயிற்சி டாக்டர் செண்பகம் முப்பது ஊர்ப் பயிற்சி டாக்டர்களை வாட்ஸ்அப்பில் சேர்த்தாள். ஆளுக்குக் கொஞ்சமாக ஆயிரத்து நாற்பது கேஸ் சேர்ந்தது. பட்டியலில் ஆஸ்பத்திரிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.

பட்டியலை வாசித்த கூட்டத்தில் ஆளவந்தார் கையிலிருந்த கவரால் விசிறிக்கொண்டே சீறினார். "பதினேழாம் நம்பர்ல நாலுல ஒருத்தருக்குச் சீழா? எவன் அங்கே தலைவன்? பெயரைச் சொல்லு!"

"சொல்லக்கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒப்பந்தம் சார். அந்தந்தத் தலைவருக்கு மட்டும் அவரோட நம்பரை எழுதி, கவர்ல போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கோம். உங்க கவராலதான் இப்ப விசிறிக்கிட்டு இருக்கீங்க."

விசிறல் நின்றது. பிரித்துப் பார்த்தவர் அதன்பின் யார் பெயரையும் கேட்கவில்லை.