மாமன் மடி

ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டம் சொல்ல வருகிறவர்கள் வாசலில் இருக்கும் சீடரிடம் சொல்ல வேண்டும். சீடர் உள்ளே போய் அதை மடத்துத் தலைவியான அம்மையிடம் சொல்வார். பேர், ஊர், உறவு, வீட்டில் என்ன விசேஷம், எதையும் சொல்லக் கூடாது. அதெல்லாம் தெரிந்தால் கேட்கிற காது ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அம்மையின் எண்ணம். அம்மை சொல்லும் பதிலைச் சீடர் வாசலுக்குக் கொண்டுபோவார்.

சீடர் பூவலிங்கத்துக்கு அம்மையைவிடப் பத்து வயது கூட. மனுஷர் நல்லவர்தான். ஆனால் ஊரார் கஷ்டம் எதுவும் அவருக்குக் கஷ்டமாகவே தெரியாது.

"தென்னை மட்டை பக்கத்து வீட்டுல விழுந்துச்சாம். அதுக்குப் போயி பேச்சுவார்த்தை இல்லையாம். கிறுக்குச் சனங்க அம்மா," என்பார்.

மடத்துக்கு வந்த புதிதில் அவரும் தன் கதையைச் சொல்லியிருந்தார். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் இவர். ஜிமிக்கியைப் பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வேகாத வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தால், பிள்ளையை வேறு யார் மடியிலோ வைத்துக் காது குத்தி முடித்திருந்தார்கள். அன்றைக்கு அறுத்துவிட்ட உறவு. இதை மட்டும் பெரிய கஷ்டமாகச் சொல்வார். தென்னை மட்டை நினைவுக்கே வராது.

ஒருநாள் அவர் சந்தைக்குப் போய்விட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். அம்மை கூப்பிட்டார்.

"நீங்க இல்லாதப்ப ஒருத்தி வந்தா. இன்னைக்கு நான் சொல்றேன், நீங்க பதில் சொல்லுங்க."

பூவலிங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. காய்கறிப் பையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, காலையில இருந்து தெருமுனையில ஒருத்தருக்காக நின்னுருக்கா. வாரேன்னு சொன்னவரு வரல. புருஷன் வீட்டு ஆளுக கேலி பேசியிருக்காக. அவரு கட்டாயம் வருவாருன்னு இவ விட்டுக்குடுக்காம நின்னுருக்கா. பிள்ளை துவண்டு போச்சு. வேற ஆளை வச்சுக் காரியத்த முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப் பாத்திருக்கா. அந்நேரம் அவரு வந்தாரு. எல்லாரு முன்னாடியும் கத்திட்டுப் போனாரு. அதோட சரி."

"பிள்ளையத் தொட்டுப் பாத்தாரா?"

"இல்ல."

"என்ன ஏதுன்னு கேட்டாரா?"

"இல்ல."

"என்ன மனுஷன்! பெரிய மகாராஜான்னு நினைப்பா? சரி, இப்ப என்னவாம்?"

"வீட்டுல மறுபடி ஒரு விசேஷம். அவரக் கூப்பிடவா வேண்டாமான்னு கேக்கா."

பூவலிங்கம் யோசிக்கவே இல்லை. "அப்படிப்பட்ட ஆளு வராட்டிப் போகட்டும். அவரு இல்லாமலே நல்லபடியா நடக்கும்னு சொல்லுங்க."

"நீங்களே சொல்லிருங்க. வேப்பமரத்தடியில உக்காந்திருக்கா."

சொல்ல வேண்டியதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் அவர் தங்கை செண்பகம். தலையெல்லாம் நரைத்திருந்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூட அவர் பார்க்கவில்லை.

"அண்ணே," என்று எழுந்தாள். "நீ இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். நேர்ல கேக்கப் பயமா இருந்துச்சு. உன் மருமகளுக்குத் தையில கல்யாணம். அம்மா என்ன சொன்னாக?"

கொண்டுவந்த பதிலை விட்டுவிட்டுப் பூவலிங்கம் கேட்டார்:

"அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலா?"

"மேலெல்லாம் கொதிச்சுச்சு. நீ எங்க கேட்ட?"

"எனக்குப் பஸ் நின்னு போச்சு செண்பகம். நடந்துதான் வந்தேன்."

"நடந்தா வந்த?" என்றாள் அவள். "நீ சொல்லவே இல்லையே."

"இரு, வந்துர்றேன்," என்றார் பூவலிங்கம். அவர் உள்ளே திரும்பி வந்தார். அம்மை காய்கறிப் பையைப் பிரித்து வெண்டைக்காயைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு ஒண்ணுமே புரியல. நான் வெயில்ல நடந்தது நிசம். அவ பிள்ளையோட நின்னதும் நிசம். அப்ப யாரு மேல தப்பு?"

அம்மை அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.

"கொஞ்சம் முன்னாடி ஒரு பதில் சொன்னேனே. அதப் போயி அவகிட்டச் சொல்லவா, வேண்டாமா?"

"அவ கூட ஒரு பொண்ணு வந்திருக்கே, பாத்தீகளா?"

"எந்தப் பொண்ணு?"

"அந்த மரத்தடியிலதான் நின்னுச்சு."

"அப்படியா? நான் கவனிக்கலையே அம்மா."

"காது குத்துனது அதுக்குத்தான்," என்றார் அம்மை. "மாமன் வரணுமான்னு அதுகிட்ட இன்னும் யாரும் கேக்கல."