வேப்பிலை கட்டின வீட்டுக் குழாய்

ஒரு ஊர்ல ஒரு குழாய் இருந்துச்சு. ராஜா எல்லாம் கிடையாது, குழாய்தான். ம் கொட்டு, இல்லேன்னா இப்பவே நிறுத்திடுவேன்.

"ம்."

தவமணி வீட்டு அடுப்படிக் குழாய் அது. டொட் டொட் டொட்னு ஒழுகும். இருக்கிறதே ஒரு வாளி, ஒரு குடம். ரெண்டும் நிறைஞ்சு வழியும். தவமணி பொண்ணு குயிலிக்கு அப்போ அம்மை. புதன்கிழமை தலைக்குத் தண்ணி ஊத்தணும். அன்னைக்கே வீட்டைக் கழுவணும், போர்வை பாய் எல்லாம் அலசணும். அப்புறம்தான் வாசல்ல கட்டின வேப்பிலையை அவுக்கலாம், குயிலி வெளிய போகலாம். தொட்டிக்குத் தண்ணி வர்றதோ வெள்ளிக்கிழமை. இப்படி ஒழுகினா புதன்கிழமைக்கு என்ன மிஞ்சும்?

"ஒண்ணும் மிஞ்சாது."

ஆங். அப்புறம் தவமணி பிளம்பரைக் கூப்பிட்டா. வந்தாரு, வேப்பிலையைப் பார்த்தாரு, நின்னுட்டாரு.

"அம்மை வீடா? தண்ணி ஊத்தினப்புறம் வரேம்மா."

"ஊத்துறதுக்குத் தண்ணி வேணுமேண்ணே!"

"இந்தா ஸ்பேனர். நீயே கழட்டு. திருப்பித் தரும்போது மஞ்சத்தண்ணில கழுவிக் குடு."

தடதடன்னு படி இறங்கிட்டாரு.

அப்போ தவமணி குழாயைக் கழட்டுறதுக்கு முன்னாடி தண்ணியை நிறுத்த மொட்டை மாடிக்குப் போனா. மூணு வீட்டுக்கு மூணு தொட்டி, மூணு வால்வு. எதுலயும் பேர் இல்ல. முதல் வால்வைக் கிரீச்னு மூடினா. கீழ் வீட்டு காசிம் பாய் தலை நிறைய சோப்பு நுரையோட கத்தினாரு.

"யாரது? கண்ணு எரியுதே!"

"ஐயோ, சாரி பாய்!"

திறந்துட்டு ரெண்டாவதை மூடினா. அவருக்கு எதிர் வீட்டு பிலோமினா அக்கா ஜன்னலைத் திறந்தாங்க.

"அடியே! பாதிப் பாத்திரம் கிடக்கு. மேல வந்தேன், செருப்பு பிஞ்சிடும்!"

அதையும் திறந்துட்டு மூணாவதை மூடினா. யாரும் கத்தல. அதான் அவளோடது. தூங்கிட்டியா?

"இல்ல, சொல்லு."

வால்வை மூடியே வச்சா ஆகாதான்னு கேக்காத. ஒவ்வொரு டம்ளர் தண்ணிக்கும் மாடி ஏற முடியுமா? அப்புறம் கீழ வந்து ஸ்பேனரை மாட்டி ம்ம்ம்னு முக்கினா. கரக்! குழாய்த் தலை கழண்டு வந்துச்சு. உள்ள இருந்த ரப்பர் வாஷர் தொட்டதும் உதிர்ந்துச்சு. அம்மைக்காரப் பிள்ளையைத் தனியா விட்டுட்டுக் கடைக்கு எப்படிப் போறது? தலையில கை வச்சு உக்காந்துட்டா.

"அம்மா, என் பழைய செருப்பும் ரப்பர்தானே?"ன்னா குயிலி.

அப்போ தவமணி அதைக் கத்தியால வட்டமா வெட்டினா. முதல் வட்டம் பெரிசு, உள்ளயே போகல. ரெண்டாவது கிழிஞ்சுது. மூணாவது கச்சிதமா உக்காந்துச்சு. குழாய்த் தலையைத் திரும்ப முறுக்கிட்டு, மாடி ஏறி வால்வைத் திறந்துட்டு ஓடி வந்தா.

டொட்.

ரெண்டு பேரும் குனிஞ்சு குழாய் வாயையே பார்த்தாங்க.

அவ்வளவுதான். அப்புறம் ஒரு சொட்டுகூட விழல.

புதன்கிழமை குயிலி தலையில சளசளன்னு தண்ணி விழுந்துச்சு. வீடு கழுவியாச்சு, வேப்பிலையையும் அவுத்தாச்சு. சாயங்காலம் படியில தொம் தொம்னு சத்தம். பிலோமினா அக்கா, கையில செருப்பு. பின்னாடியே காசிம் பாய், அவர் கையிலயும் செருப்பு. தவமணி கதவுக்குப் பின்னால பதுங்கிட்டா.

"அக்கா, தெரியாம மூடிட்டேங்க்கா!"

"அதை விடுடி. குயிலி ஜன்னல் வழியா எல்லாத்தையும் சொல்லிட்டா. எங்க குழாயும் ஒழுகுது. ஒரு செருப்பு போதுமா, ஜோடியா வேணுமா?"

குழாய் வாயை மூடிடுச்சு. நீயும் மூடிக்கிட்டுத் தூங்கு.