தவ்பத்தில் ஒரு புள்ளி

சுமத்திராக் கரையை ஆண்ட சுல்தான் ஒருவருக்கு மார்க்க நூல்கள் என்றால் உயிர். நல்ல நூல் எழுதியவர் வாசலுக்கு யானையையும் பட்டு அங்கியையும் அனுப்பிவைப்பார். அந்த வருஷம் யானை மூஸா லெப்பை ஆலிமின் மதரசா வாசலில் வந்து நின்றது.

நூல் எழுதி அதில் ஏறிப்போனவன் அங்கே ஓதிய புர்ஹான், உள்ளூர்க்காரன். காயல்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து ஓதிய உவைஸ் கீழே நின்று பார்த்தான். வயிறு எரிந்தது. புர்ஹானுக்கு அரபி இலக்கணம் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

போதாக்குறைக்கு, சுல்தானின் சபையில் வாசிக்க அந்த நூலை அழகாகப் பிரதி எடுக்கும் வேலையும் உவைஸ் தலையில்தான் விழுந்தது.

நூல் தவ்பத்தைப் பற்றியது. செய்த பாவத்துக்கு வருந்தி இறைவனிடம் திரும்புவதை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அரபி எழுத்தில் அந்தச் சொல்லின் முதலெழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி. ஒன்றை விட்டால் நவ்பத் ஆகிவிடும். நவ்பத் என்பது சுல்தானுக்காக அரண்மனையில் முழங்கும் முரசு. வேறு யாருக்கும் அதை முழக்கக் கூடாது.

‘மரணம் வருமுன் ஒவ்வொருவரும் தவ்பத் செய்யட்டும்’ என்ற வரியில் உவைஸின் எழுதுகோல் நின்றது. ஒரு புள்ளி வைத்தான். மற்றதை வைக்கவில்லை.

சபை சிரிக்கும். சுல்தானுக்குக் கோபம் வரும். புர்ஹான் தலை குனிவான். நான் பொய்யாக எதையும் எழுதவில்லையே, ஒரு புள்ளி குறைந்துபோனது, அவ்வளவுதானே என்று உவைஸ் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். படித்தவனுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது!

பிரதியை ஆலிம் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

அவர் திறக்கவே இல்லை. “நீ எழுதுனதை நான் எதுக்கு வாப்பா பாக்கணும்?”

உவைஸ் எழுந்தான்.

“இரு. நாளைக்குச் சபையிலெ இதை நீதான் வாசிக்கிறே.”

“நானா? புர்ஹான் இருக்கானே, உஸ்தாது?”

“அவன்தான் சுல்தான்கிட்டெ கேட்டு வாங்கியிருக்கான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வாசிச்சாத்தான் இதுக்கு அழகுன்னானாம்.”

சுல்தான் காதில் தன் குரல் விழாதா என்று உவைஸ் எத்தனை நாள் ஏங்கியிருப்பான்! இதோ, விழப்போகிறது. அந்த வரி வரும்போது என்ன சொல்வான்? எழுதியிருப்பதைச் சொன்னால் புர்ஹான் தொலைந்தான். மாற்றிச் சொன்னாலும் ஏடு அரண்மனையில்தானே இருக்கப்போகிறது, என்றைக்காவது யாராவது பார்ப்பார்கள்.

“உஸ்தாது... அந்த எடத்துலெ எப்புடி வாசிக்க?”

“எந்த எடத்துலெ?”

கேட்டபிறகுதான் உவைஸுக்கு உறைத்தது. ஏட்டை அவர் இன்னும் தொடக்கூட இல்லை.

ஆலிம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவசர அவசரமாக ஏட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தான். எழுதுகோலை மையில் தோய்த்தான்.

ஆலிம் குனிந்து அந்த வரியைப் படித்தார். பிறகு அவன் விரல்களிலிருந்து எழுதுகோலை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“புள்ளியை அப்புறம் வச்சுக்கலாம்” என்றார். “முதல்லெ அந்தச் சொல்லு உன் வாயிலேருந்து வரட்டும்.”